சென்னைக்குக் குடும்பத்தோடு குடிவரப் போகிறீர்களா? வீட்டுக்கு முன்னால் ஏரியாவைத் தேடுங்கள்

2015 மே மாதம் கோவில்பட்டியிலிருந்து மனைவி, நாலு வயது மகள், அம்மா, ஒரு மினி லாரி நிறையச் சாமான் என்று சென்னைக்கு வந்து இறங்கினேன். வேலை கிண்டியில். வீடு தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர்ப் பக்கம். ஏன் அங்கே என்றால் ஒரே காரணம்தான், வாடகை குறைவு. வீடும் புதுசு, கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் ஒரு முருங்கை மரம், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் அந்தக் கிழக்கு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார், "ஏம்ல, இந்த ஊர்ல ஆறு எங்க ஓடுதுன்னு கூடவா கேக்காம வீடு பிடிச்ச?"

கேட்கவில்லைதான். வாடகை கேட்டேன், அட்வான்ஸ் கேட்டேன், பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்புறம் இரண்டு வீடு மாறியாயிற்று, இப்போது குரோம்பேட்டையில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறோம். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து யார் சென்னைக்கு மாற்றலாகி வந்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும் என்பதால் பதினைந்து இருபது குடும்பங்களுக்கு வீடு பார்க்கக் கூடவே அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட எல்லாருமே சம்பாதிக்கிறவரின் ஆபீசை நடுவில் வைத்துத்தான் வீடு தேடுகிறார்கள். அவர் காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். பகல் முழுக்க அந்தத் தெருவில் கிடக்கப்போவது குழந்தையும், வீட்டில் இருக்கும் பெரியவர்களும், பக்கத்தில் ஏதாவது வேலைக்குப் போய்வரும் மனைவியும்தான். அவர்களுக்கு எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், ஆபீஸ் போகிறவர் ரயிலில் போகட்டும். கீழே சொல்வது எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவர் வாரத்தில் எத்தனை முறை எங்கே போக வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம், வாரத்துக்கு ஆறு முறை. அம்மாவுக்கு மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை, தினமும் கோயில். மனைவிக்கு வேலை என்றால் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார். உங்களுக்கு ஆபீஸ். ஊருக்கு எத்தனை முறை போவீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். தென் மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தாம்பரம் தாண்டி இருக்கிற கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன, அதனால் வடசென்னைப் பெரம்பூரில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரருக்குத் தீபாவளிக்கு ஊர் போவது என்பது ஊருக்குள்ளேயே ஒரு தனிப் பயணம். ரயில் என்றால் தாம்பரத்திலோ எழும்பூரிலோ ஏறுவீர்கள்.

இந்தத் தாளில் அதிக முறை வருவது எது என்று பாருங்கள். அதுதான் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பள்ளிக்கூடம்.

படி 2: வாடகையை மட்டும் பார்க்காமல் மொத்தச் செலவைக் கூட்டுங்கள்

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்திலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி டபுள் பெட்ரூம் வீடு 12,000 ரூபாய். அதே அளவு வீடு குரோம்பேட்டையில் 17,000. மாதம் 5,000 மிச்சம் என்று மனசு உடனே ஊரப்பாக்கத்துக்கு ஓடும். ஆபீஸ் கிண்டி என்றால் பைக்கில் போக வர 50 கிலோமீட்டருக்குக் குறையாது, லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கே ஒரு லிட்டருக்கு மேல் ஆகும், மாதம் 25 நாளைக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் ஆளுக்கு 1,500 என்றால் 3,000. ஐயாயிரம் போயே போயிற்று. இதில் ஜி.எஸ்.டி. சாலையில் (கிண்டியிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) தினமும் கழியும் நேரத்தையும், மழை நாளில் ஆட்டோவுக்குக் கொடுப்பதையும், நடந்து போகக் கடை இல்லாததால் செயலியில் வாங்கும் காய்கறியையும் சேர்க்கவே இல்லை.

ஊரப்பாக்கம் மோசம் என்று சொல்ல வரவில்லை. மறைமலைநகரிலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை என்றால் இதே கணக்கு தலைகீழாகிவிடும், நான் கண்ணை மூடிக்கொண்டு ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்றுதான் சொல்வேன்.

தாளில் இந்த வரிசையில் எழுதிக் கூட்டுங்கள்: வாடகை, மெயின்டெனன்ஸ், தண்ணீர் (கேன், லாரி இரண்டும்), கரண்ட், பயணம், பள்ளி வேன். மூன்று ஏரியாவுக்குப் போட்டால் போதும், பதில் தானாக வந்துவிடும். பஸ்சுக்கு இரண்டு விஷயம். மாநகரப் பேருந்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விருப்பம் போல் பயணம் செய்யும் பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே கிடையாது. மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால், நீங்கள் பார்க்கும் ஏரியாவுக்குச் சாதாரணப் பேருந்து எத்தனை வருகிறது என்பதே மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு விஷயம்.

படி 3: தடத்தைப் பிடியுங்கள், பிறகு ஏரியா

சென்னையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். எட்டு கிலோமீட்டர் பஸ்சில் ஒரு மணி நேரம் ஆகும், இருபது கிலோமீட்டர் ரயிலில் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். மின்சார ரயிலில் மூன்று பெரிய தடங்கள்: கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு. சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். இன்னொன்று கும்மிடிப்பூண்டி. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். இவற்றோடு மெட்ரோ. சீசன் டிக்கெட் எந்தத் தடத்திலும் பெட்ரோல் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவு மலிவு.

ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாம்பரம் வரை ரயில் அடிக்கடி வரும், அதைத் தாண்டிச் செங்கல்பட்டு பக்கம் போகப் போக இடைவெளி கூடும். ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் அதே கதை. கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான். அதனால் 'ரயில் நிலையம் பக்கம்' என்று சொன்னால் போதாது, காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை அங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்று அட்டவணையைப் பாருங்கள்.

இன்னொன்று, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாதது: தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பது. மேப்பில் பள்ளிக்கூடம் 700 மீட்டர் என்று காட்டும், நடுவில் ரயில்வே கேட் இருக்கும். பிள்ளை தினமும் அந்தக் கேட்டிலோ சுரங்கப்பாதையிலோதான் போக வேண்டும், மழை வந்தால் முதலில் நிரம்புவதும் அந்தச் சுரங்கப்பாதைதான். வீடு, பள்ளிக்கூடம், காய்கறிக் கடை மூன்றும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சாலை, பழைய மகாபலிபுரம் சாலை மாதிரி பெரிய சாலைகளுக்கும் இதே விதிதான், குழந்தை தனியாகக் கடக்கவே முடியாத சாலைகள் அவை.

மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று தடங்கள், ஏறக்குறைய 119 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், போரூர், அய்யப்பன்தாங்கல் எல்லாம் இந்தத் தடங்களில் வருகின்றன. 'மெட்ரோ வரப்போகுது சார்' என்று சொல்லி இன்றைக்கே இரண்டாயிரம் கூட்டிக் கேட்கிற ஆட்களிடம் ஏமாறாதீர்கள். வாடகைக்கு வருகிற உங்களுக்கு வேண்டியது இன்றைக்கு ஓடுகிற வண்டி, நாளைக்கு ஓடப்போகும் வண்டிக்கு நாளைக்கு வாடகை கொடுத்துக்கொள்ளலாம்.

படி 4: வேலை எங்கே, அதற்கு எந்தப் பக்கம்

சுருக்கமாக ஒரு சுற்று.

கிண்டி, தி.நகர், எழும்பூர், பாரிமுனை பக்கம் வேலை என்றால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர். நடுத்தரக் குடும்பத்துக்கு என் முதல் சிபாரிசு இந்தத் தடம்தான், பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, மார்க்கெட் எல்லாமே தடத்தை ஒட்டி இருக்கின்றன. கிண்டியிலும் பரங்கிமலையிலும் இறங்கி மெட்ரோ மாறலாம்.

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனி என்றால் எல்லாரும் அந்தச் சாலையிலேயே அடுக்குமாடி தேடுகிறார்கள். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, சித்தாலப்பாக்கம் பக்கம் கொஞ்சம் உள்ளே தேடினால் அதே காசுக்குத் தெரு, கடை, கோயில், பள்ளிக்கூடம் என்று ஊர் மாதிரி இருக்கும். ஆனால் அடுத்த படியில் சொல்லப்போகும் தண்ணீர்ச் சோதனை இங்கேதான் ரொம்ப முக்கியம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை என்றால் படப்பை, குன்றத்தூர், பூந்தமல்லி. கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள், வீட்டை அந்த நிறுத்தத்தை வைத்துத் தேடலாம்.

அம்பத்தூர் எஸ்டேட் என்றால் கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம். காசு மிச்சம் பிடிக்க வேண்டும், ரயிலும் வேண்டும் என்றால் ஆவடிப் பக்கம் நல்ல யோசனை.

வடசென்னை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நிறையப் பேர், அதில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. பெரம்பூர் மாதிரி ரயில், பஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் கூடி வருகிற இடம் தெற்கே அந்த வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ போன பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்தும் நகருக்குள் வருவது சுலபம். மணலி, எண்ணூர் பக்கம் மட்டும் தொழிற்சாலைப் புகையை யோசியுங்கள், வீட்டில் வீசிங் இருக்கிற குழந்தை இருந்தால் வேண்டாம். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமும் அப்படியே.

படி 5: மழைத்தண்ணீர்

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், எனக்கு மொட்டை மாடியில் புத்தி வந்த இடம் இது.

சென்னை ஏரிகளுக்கு மேல் கட்டிய ஊர். 'தாங்கல்' என்று முடிகிற ஊர்ப்பெயர் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் சின்ன ஏரி ஒன்று தண்ணீரைத் தாங்கி நின்றது என்று அர்த்தம். தெருப் பலகையில் 'ஏரிக்கரைத் தெரு' என்று இருந்தால் ஏரி எங்கே போயிற்று என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் தண்ணீர் நிற்கும் என்றில்லை, ஆனால் கேட்காமல் விடக்கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் என்ற சர்வதேசச் சதுப்பு நில அங்கீகாரமே கிடைத்தது. அதைச் சுற்றித்தான் வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் இருக்கின்றன. 2015-ல் நனைந்த முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்தன. பெருமழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுவார்கள், அதைவிட நல்ல வானிலை அறிக்கை கிடையாது.

ஆனால் ஏரியாப் பெயரை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர், அடுத்த தெருவில் ஒன்றுமே இருக்காது. தெருவைத்தான் சோதிக்க வேண்டும். எப்படி என்றால்:

தெருவில் நின்று ஈபி பெட்டிகளைப் பாருங்கள். நாலைந்து வீடுகளில் மீட்டர் தலைக்கு மேலே ஏறியிருந்தால் அந்தத் தெரு எதையோ பார்த்திருக்கிறது. வீட்டுக்குள் படியேறிப் போகிறோமா, படியிறங்கிப் போகிறோமா? மேல் மேலே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்ட தெருக்களில் பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இருக்கும். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டின் அடித்தளம் நெஞ்சு உயரத்துக்கு இருந்தால், கட்டியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் போனதும் கதவு நிலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தண்ணீர் புகுந்த வீடு என்றால் ஊறி உப்பியிருக்கும். பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே என்று பெயின்ட் போட மறந்த இடங்களில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா? அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடி தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளம் நேராகக் குடிக்கிற தண்ணீருக்குள்தான் போகும்.

அப்புறம் கேளுங்கள், ஆனால் வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. எங்கள் இரண்டாவது வீட்டைத் தேடும்போது ஒரு தெருமுனை மளிகைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டதுமே நம்ம ஊர்ப்பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இந்தத் தெருவுல மழைக்குத் தண்ணி நிக்குமா?"

அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார், "தெருவுல நிக்காது தம்பி. வீட்டுக்குள்ள போயிரும்."

கையோடு கடையின் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த இரும்பு ஸ்டாண்டைக் காட்டினார், இரண்டடி உயரம். அங்கே அந்த வீட்டைப் பார்க்கவே போகவில்லை, அவரிடம் கால் கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கடைக்காரர்கள், இஸ்திரி போடுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டு, இவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

படி 6: குடிக்கிற தண்ணீரும் கரண்டும்

சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆவடியும் தாம்பரமும் பிறகு தனி மாநகராட்சிகள் ஆயின. பெயர்தான் மாநகராட்சி, புறநகரில் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் தெருவுக்குத் தெரு வித்தியாசப்படும். அதனால் மூன்று கேள்வி: குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்கு யார் காசு கொடுப்பது?

போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள், வாயில் வைக்கப் பிடிக்காவிட்டால் குழாய் முனையில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் உண்டு, குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். நான் அதே ஊரில்தான் இருக்கிறேன், போர் தண்ணீரைப் பாத்திரம் கழுவுவதோடு சரி, குடிக்கக் கேன்தான்.

மழையில் வெள்ளம் வருகிற இதே ஊரில்தான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அடுக்குமாடி என்றால் 'ஏப்ரல், மே மாதங்களில் மெயின்டெனன்ஸ் எவ்வளவு கட்டினீர்கள்' என்று குடியிருக்கிற ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், லாரித் தண்ணீர்க் கதை முழுதும் அதில் வெளிவந்துவிடும்.

கரண்டுக்கு ஒரே விஷயம். வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பு இருக்கிறதா, இல்லை வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா? வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூடக் கட்டணம் ஏறும். இரண்டு மூன்று குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் இலவசம் உங்கள் கைக்கு வராது, உயர்ந்த கட்டணம் மட்டும் வரும். தனி இணைப்பு இருக்கிற வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை கூடக் கொடுக்கலாம்.

படி 7: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி

தனியார் பள்ளி என்றால் பல இடங்களில் ஜூனுக்கான அட்மிஷன் பொங்கலுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டை மே மாதம் பார்த்துக்கொண்டு பள்ளியை அப்புறம் தேடினால் மிச்சம் இருக்கிற சீட்தான் கிடைக்கும். பள்ளியை முதலில் முடிவு பண்ணி, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வீடு தேடுங்கள். இந்த ஒரு கிலோமீட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க வீடு அந்தத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பம் என்றால், எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பதே பிள்ளையின் கல்விச் செலவைத் தீர்மானிக்கும்.

அரசுப் பள்ளியை யோசிக்காமல் தள்ளாதீர்கள். பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பள்ளி நல்லதா என்பதற்கு என் சோதனை ரொம்பச் சுலபம். சாயங்காலம் பள்ளி விடும்போது வாசலில் போய் நில்லுங்கள், கூட்டிப்போக வந்திருக்கும் அம்மாக்களிடம் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் கணக்கு டீச்சர் எப்படி என்பது முதல் கழிப்பறை எப்படி என்பது வரை வந்துவிடும். மனைவியைப் பேசச் சொல்லுங்கள், நான் கேட்டபோது சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் ஏறினால் எங்கே போவோம்? அந்த இடத்துக்கு எவ்வளவு நேரம்? பகலில் சளி காய்ச்சலுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும், அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் அங்கேயே போகலாம்.

படி 8: மூன்று முறை போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் சென்னையின் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். ஒரு வேலை நாள் காலை எட்டரைக்குப் போய், அங்கிருந்து உண்மையிலேயே ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். இன்னொரு நாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போங்கள், தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் அந்த வழியில் உங்கள் மனைவி நடந்து வர முடியுமா என்பதை அவரே வந்து பார்த்துச் சொல்லட்டும். மூன்றாவது முறை மழை பெய்து விட்ட மறுநாள். அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பார்க்க வாய்த்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

இதெல்லாம் ஊரிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு வந்து முடிக்கிற வேலை இல்லை. முடிந்தால் வேலைக்கு வருகிறவர் முதலில் வந்து இரண்டு மூன்று மாதம் மேன்ஷனிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கி, வாரக்கடைசிகளில் அலைந்து பார்த்துவிட்டு, பள்ளி லீவில் குடும்பத்தைக் கூட்டி வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாரும் தேடுவார்கள் என்பதால் வாடகையும் ஒரு படி ஏறித்தான் இருக்கும், பிப்ரவரி, மார்ச்சிலேயே பேசி முடித்தால் நல்லது.

வீடு பார்க்கும்போது சில கேள்விகள் உங்களை நோக்கியும் வரும். என்ன ஆளுங்க, சைவமா, எத்தனை பேர், விருந்தாளி அடிக்கடி வருவாங்களா. எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு இடத்தில் மீன் சமைப்பீர்களா என்று கேட்டபோது ஆமாம் என்று சொன்னேன், வீடு கிடைக்கவில்லை. பொய் சொல்லிக் குடிபோய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் வறுப்பதைவிட அது மேல்.

படி 9: அட்வான்ஸ், ஒப்பந்தம்

வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல், வீட்டுக்குள் நிற்காமல் ஒரு ரூபாய் டோக்கன் கொடுக்காதீர்கள். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேற மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டது, கேட் பாஸுக்குப் பணம் போடுங்கள்' என்று போனில் கியூ.ஆர். கோடு அனுப்புகிற ஆள் எவராக இருந்தாலும் மோசடி. புரோக்கருக்கு வழக்கம் ஒரு மாத வாடகை, அதையும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். லீசுக்கு என்று பல லட்சத்தை மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாட்டை, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்காமல் தொடவே தொடாதீர்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. அந்தத் 'தவிர' என்ற சொல்லில்தான் எல்லாரும் ஐந்து, ஆறு என்று கேட்கிறார்கள். ஆனாலும் சட்டத்தைச் சொல்லிப் பேசினால் குறைகிறது, நான் பத்தை நாலாக்கியிருக்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் போடுவதும் வாடகை அதிகாரியிடம் பதிவதும் அதே சட்டப்படி கட்டாயம். 'அதெல்லாம் எதுக்குங்க, பதினோரு மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம்' என்பார்கள். பதிந்து வாங்குங்கள், நாளைக்குத் தகராறு என்று போனால் கையில் இருக்க வேண்டியது அதுதான்.

ஒப்பந்தத்தில் இந்த நாலும் இருக்கிறதா என்று பாருங்கள்: வருடத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், காலி பண்ண எத்தனை மாத நோட்டீஸ், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். எங்கள் இரண்டாவது வீட்டைக் காலி செய்தபோது, மூன்றே வருடம் குடியிருந்த வீட்டுக்கு, ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடித்துக்கொண்டார்கள், சுவரில் மகள் உயரம் குறித்திருந்த பென்சில் கோடுகள்தான் காரணமாம். இப்போது இருக்கும் வீட்டில் அந்தக் கோடுகளைக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் அட்டையில் போடுகிறோம். சாவி வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஈபி மீட்டரில் ஓடியிருந்த யூனிட்டையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், அவரும் கட்டைவிரல் போட்டு வைத்திருக்கிறார்.